ரொட்டி, சம்பல், பிளேன்டி: சாப்பிட்டதில் எது சேர்கிறது, எது சேராமல் போகிறது?

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள் கேட்ட கேள்வி இது. அம்மா கொழுந்து எடுக்கிறார். விடிய எழுந்து கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், கொஞ்சம் பருப்பு, கூடவே ஒரு கோப்பை பிளேன்டி என்று வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் மலைக்குப் போகிறார். ஆனாலும் பத்து மணிக்கெல்லாம் பசிக்கிறது. கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு சாப்பிட்டும் ஏன் உடம்பில் சேரவில்லை, உள்ளே போன சாப்பாடு என்னதான் ஆகிறது என்று கேட்கிறார்.

முதலில் நேரான பதில். அம்மா சாப்பிடும் ரொட்டி நன்றாகவே சேர்கிறது. அதிலுள்ள மாப்பொருள் அநேகமாக முழுவதும் குளுக்கோசாகி இரத்தத்துக்குப் போய்விடும். தேங்காய்க் கொழுப்பிலும் பருப்பின் புரதத்திலும் பெரும்பகுதி சேரும். சேராமல் போவது இரும்பு. தானியம், பருப்பு, கீரை வழியாக வரும் இரும்பில் நூற்றுக்கு ஐந்து பத்துப் பங்கு உடம்புக்குக் கிடைத்தாலே நல்லது. சாப்பாட்டோடு தேநீரும் சேர்ந்தால் அந்தக் கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் போய்விடலாம். பத்து மணிப் பசிக்குக் காரணம் வேறு, இரத்தக் குறைவுக்குக் காரணம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க, அந்தக் காலைச் சாப்பாட்டின் பின்னாலேயே உள்ளே போக வேண்டும்.

வாயிலிருந்து ஆசனவாய் வரை ஒரே நீளக் குழாய்தான். அந்தக் குழாய்க்குள் இருக்கும் வரை உணவு உண்மையில் உடம்புக்கு வெளியேதான் இருக்கிறது. குடற்சுவரைத் தாண்டி இரத்தத்திலோ நிணநீரிலோ கலந்தது மட்டுமே உடம்பில் சேர்ந்தது. தாண்டுவதற்கு ஏற்ற அளவில் உணவைச் சிறிதாக்குவது சமிபாடு, தாண்டுவது அகத்துறிஞ்சல். இந்த இரண்டில் எது எங்கே தடைப்படுகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாயில் உணவு இருக்கும் நேரம் குறைவு. ஆனாலும் அங்கே நடக்கும் அரைப்பைப் பின்னால் வேறெதுவும் ஈடுசெய்யாது. ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் உமிழ்நீர் சுரக்கிறது. அதிலுள்ள அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளை வெட்டத் தொடங்குகிறது. ரொட்டித் துண்டு ஒன்றை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றால் மெல்ல இனிக்கும். அது மாப்பொருள் மோல்ற்றோசாக மாறுவதன் இனிப்பு. விழுங்கிய பிறகும், இரைப்பை அமிலம் கவளத்தின் நடுவரை ஊறும் மட்டும் இந்த வேலை தொடரும். மாப்பொருளில் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படியே உடைந்துவிடும். மலைக்கு ஏறும் அவசரத்தில் தடித்த ரொட்டியைப் பெரிய துண்டாகத் தேநீர் ஊற்றி விழுங்கினால் இந்தப் படி தவறிப் போகிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாக்கு, கன்னத்தின் உட்தசையை நாராக இறுக்கி, வாயைத் திறக்கவே முடியாமல் செய்துவிடக்கூடியது. பின்னர் அது புற்றுநோயாகவும் மாறலாம். வாயில் ஆறாத வெள்ளைத் திட்டோ புண்ணோ இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

விழுங்கிய கவளம் களம் என்ற உணவுக்குழாயின் வழியே இறங்குகிறது. ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள அந்தக் குழாயைச் சுற்றுச்சுருங்கல் என்ற தசை அலை பத்து விநாடிக்குள் கடத்திவிடும். அடியிலுள்ள இறுக்கி திறந்து, உணவை இரைப்பைக்குள் விட்டு மூடிக்கொள்ளும். சாப்பிட்டவுடன் குனிந்து வேலை செய்தாலோ படுத்தாலோ சிலருக்கு நெஞ்சு எரிவது, இந்த இறுக்கி தளர்ந்து அமிலம் மேலே வருவதால்தான்.

இரைப்பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் அது 50 முதல் 75 மில்லிலீற்றர்தான் கொள்ளும். சாப்பிடும்போது ஒரு லீற்றருக்கு மேல் விரியும். அதன் சுவரில் மூன்று வகைக் கலங்கள் முக்கியமானவை. ஒன்று ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. இன்னொன்று பெப்சினோசன் என்ற, இன்னும் விழித்துக்கொள்ளாத நொதியத்தைத் தருகிறது. அமிலம் பட்டதும் அது பெப்சினாகிப் புரதத்தை வெட்டும். மூன்றாவது, இவை இரண்டும் இரைப்பையின் சொந்தச் சுவரையே தின்றுவிடாதபடி சளிப் படையைப் பூசுகிறது. அமிலம் சுரக்கும் அதே கலங்கள்தான் விற்றமின் பி12 சேர்வதற்கு வேண்டிய ஒரு துணைப் புரதத்தையும் தருகின்றன. அந்தப் புரதம் இல்லாவிட்டால் எவ்வளவு மீன், இறைச்சி சாப்பிட்டாலும் பி12 சேராது. அதுவும் இரத்தக் குறைவுக்கு ஒரு காரணம்.

இரைப்பை நிமிடத்துக்கு மூன்று தடவை அளவில் சுருங்கி உணவைக் கூழாக்குகிறது. கீழ்வாயிலில் உள்ள இறுக்கி, ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குச் சிறியதாக அரைபட்டதை மட்டும் சிறிது சிறிதாக வெளியே விடும். பெரிய துண்டு திரும்பிப் போய் மறுபடி அரைபட வேண்டும். கலப்பான ஒரு சாப்பாடு இரைப்பையை விட்டு முழுவதும் வெளியேற இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் எடுக்கும். மாப்பொருள் சீக்கிரம் போகும், புரதம் அதைவிட மெதுவாக, கொழுப்பு எல்லாவற்றையும்விட மெதுவாக. இதை முதன்முதலில் நேரில் பார்த்தவர் அமெரிக்க இராணுவ வைத்தியர் வில்லியம் போமொன்ட். 1822இல் துப்பாக்கிச் சூடு பட்டு, வயிற்றில் மூடாத துவாரத்தோடு பிழைத்த அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்பவரின் இரைப்பைக்குள் உணவை நூலில் கட்டி இறக்கி, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று குறித்து 1833இல் வெளியிட்டார். அந்த மனிதர் பட்ட வேதனையிலிருந்துதான் சமிபாட்டைப் பற்றிய நமது அறிவில் பெரும்பகுதி தொடங்குகிறது.

இப்போது பத்து மணிப் பசிக்கு வருவோம். வெள்ளைக் கோதுமை மாவில் தவிடு நீக்கப்பட்டிருக்கிறது. நார் குறைவு, மாவும் நுண்ணியது, நொதியங்கள் எளிதாக வெட்டும். குளுக்கோசு அரை மணி முதல் ஒரு மணிக்குள் இரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். சதையி, அதாவது கணையம், இன்சுலினைச் சுரந்து அதை இறக்கும். இதற்கிடையில் அம்மா கூடையோடு சரிவில் ஏறி இறங்குகிறார். குளிருக்கும் உடம்பு கொஞ்சம் எரிக்கிறது. இரைப்பை காலியானதும் கிரெலின் என்ற பசி ஓமோன் கூடும். ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை இரைப்பையும் சிறுகுடலும் மிச்சம் மீதியைக் கீழே தள்ளப் பலமான அலைகளை விடும். வயிறு இரைவது அதனால்தான். ஆக, பத்து மணிப் பசி சமிபாடு பிழைத்ததன் அடையாளமில்லை. அது மிகச் சீக்கிரம் முடிந்துவிட்டது என்றுதான் பொருள்.

இதற்கு மருந்து ரொட்டியின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் இல்லை. பருப்பைக் கூட்டுங்கள். மைசூர்ப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், கூடப் போட்டால் ஏழு கிராம் புரதமும் இரண்டு மில்லிகிராம் இரும்பும் தட்டில் சேர்கின்றன. முட்டை வாங்க முடிகிற நாளில் முட்டை. மாவில் மூன்றில் ஒரு பங்கை ஆட்டா மாவாகவோ குரக்கன் மாவாகவோ மாற்றினால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைவதும் அப்படியே. நெத்தலிக் கருவாடு ஒரு சிறு பிடி வறுத்துச் சம்பலோடு வைத்தால் புரதமும் கல்சியமும் இரும்பும் ஒன்றாகக் கிடைக்கும்.

“கேஸ்ட்ரைட்டிஸ்” என்று எல்லா வயிற்று வலிக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். பசியோடு இருப்பதால் மட்டும் புண் வருவதில்லை. பெரும்பாலான இரைப்பைப் புண்களுக்குக் காரணங்கள் இரண்டு: ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பற்றீரியா, மற்றது டைக்குளோபினாக், இபுபுறூபன் போன்ற வலி மாத்திரைகள். அந்தப் பற்றீரியாவைக் கண்டறிந்த பெரி மார்ஷல், ராபின் வொரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. முதுகுவலி, முழங்கால்வலிக்கு என்று கடையில் குளிசை வாங்கித் தினமும் போடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். சளிப் படையைப் புதுப்பிக்கும் பொருளையே அந்தக் குளிசை தடுத்துவிடுகிறது; வலியில்லாமலேயே துளித்துளியாக இரத்தம் கசியலாம். உங்கள் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒமிப்பிரசோல் கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னரே குடிக்க வேண்டும், ஏனென்றால் சாப்பாட்டால் தூண்டப்பட்டு வேலை செய்யும் அமிலப் பம்பிகளைத்தான் அது அடைக்கும். ஆனால் அதையே வருடக்கணக்கில் விழுங்கினால் இரும்பும் பி12உம் சேர்வது குறையும், அமிலம் இல்லாமல் அவை உணவிலிருந்து சரியாகப் பிரிவதில்லை.

அடுத்தது முன்சிறுகுடல். நீளம் 25 சென்ரிமீற்றர்தான், ஆனால் எல்லாம் சந்திக்கும் இடம் அது. அமிலக் கூழ் உள்ளே வந்ததும் குடற்சுவர் செக்கிரிற்றின் என்ற ஓமோனை விடுகிறது. சதையி அதற்குப் பதிலாக இருகாபனேற்று நிறைந்த சாற்றை அனுப்பி அமிலத்தைத் தணிக்கிறது. 1902இல் பெய்லிஸ், ஸ்ராலிங் இருவரும் இதைக் கண்டுபிடித்தபோதுதான் ஓமோன் என்ற ஒன்று உண்டு என்பதே தெரிந்தது. கொழுப்பும் புரதமும் வந்தால் இன்னொரு ஓமோன் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். ஈரல் ஒரு நாளைக்கு அரை முதல் ஒரு லீற்றர் பித்தம் தருகிறது. தேங்காயெண்ணெய்த் துளியைப் பித்த உப்புகள் நுண்துளிகளாகச் சிதறடிக்கின்றன, எண்ணெய்க் கறை படிந்த சட்டியில் சவர்க்காரம் செய்யும் அதே வேலை. அதன் பிறகே சதையியின் இலிப்பேசு அதைக் கொழுப்பமிலமாக வெட்ட முடியும். வேலை முடிந்த பித்த உப்பில் நூற்றுக்கு 95 பங்கு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திரும்ப உறிஞ்சப்பட்டு ஈரலுக்குப் போய் மறுபடி வரும். சதையியின் அமிலேசு மிச்ச மாப்பொருளை முடிக்கிறது. திரிப்சின் புரதத்தை வெட்டுகிறது. அதுவும் செயலற்ற வடிவத்தில்தான் வந்து, குடலுக்குள்ளே வந்த பிறகே விழிக்கும். சதையிக்குள்ளேயே விழித்துவிட்டால் சதையி தன்னைத் தானே தின்னும். அளவுமீறிய சாராயம், பித்தக் கல் இரண்டும் இந்த ஆபத்தைக் கொண்டுவரும். முதுகுப் பக்கம் பாயும் கடும் மேல்வயிற்று வலியும் வாந்தியும் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சிறுகுடலின் உட்சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மடிப்புகள் மேல் அரை முதல் ஒரு மில்லிமீற்றர் உயரத்தில் சடைமுளைகள். ஒவ்வொரு சடைமுளையையும் மூடிய கலங்களின் மேல் இன்னும் நுண்ணிய முளைகள். எல்லாவற்றையும் விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். பின்னர் கவனமாக அளந்தவர்கள் ஏறத்தாழ 30 சதுர மீற்றர் என்கிறார்கள். இந்தக் கலங்கள் நான்கைந்து நாளுக்கொருமுறை புதிதாகின்றன. மோல்ற்றோசைக் குளுக்கோசாகவும், சீனியைக் குளுக்கோசு, பிரற்றோசாகவும், பாலின் இலற்றோசையும் உடைக்கும் கடைசி நொதியங்கள் இந்தக் கலங்களின் மேலேயே ஒட்டியிருக்கின்றன. வளர்ந்தவர்கள் பலருக்கு இலற்றோசை உடைக்கும் நொதியம் குறைந்துவிடும். அதனால்தான் பால்மாவில் கலக்கிய பெரிய கோப்பை பால் சிலருக்கு வயிற்றை ஊதவைக்கிறது, அதே பால் தேநீரில் கொஞ்சமாகப் போனால் ஒன்றும் செய்வதில்லை.

குளுக்கோசு தனியாகச் சுவரைத் தாண்டுவதில்லை. சோடியத்தோடு சேர்ந்துதான் ஒரு வாயிலின் வழியே உள்ளே போகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றோட்டத்தில் வெறும் தண்ணீர் போதாமல் சீனியும் உப்பும் சேர்ந்து தேவைப்படுவது இதனால்தான். ஜீவனிப் பக்கெற்றை அதில் சொன்னபடி கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கைக்குக் கிடைக்காவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டினால் குழந்தைக்கு ஆபத்து, சீனியைக் கூட்டினால் வயிற்றோட்டம் இன்னும் பெருகும். கையால் அள்ளிப் போடாமல் கரண்டியால் அளந்தே போடுங்கள்.

குளுக்கோசும் அமினோவமிலங்களும் ஈரல் வாயினாளத்தின் வழியே முதலில் ஈரலுக்குப் போகின்றன. கொழுப்பு வேறு வழி: குடற்கலத்துக்குள் மறுபடி கொழுப்பாகக் கட்டப்பட்டு நிணநீர்க் குழாய்க்குள் போய், கழுத்தடியில் இரத்தத்தோடு கலக்கிறது. விற்றமின் ஏ, டி, ஈ, கே எல்லாம் இந்தக் கொழுப்பின் முதுகில் ஏறித்தான் போகும். எனவே வெலிமடைக் கரட்டைப் பச்சையாகக் கடிப்பதைவிடத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கறியாக்கினால் அதன் கரோட்டின் கூடச் சேரும்.

இனி இரும்பு. இரும்பு பெரும்பாலும் முன்சிறுகுடலிலும் அதற்கு அடுத்த கொஞ்சத் தூரத்திலும்தான் உள்ளே போகிறது. அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் வாய்ப்பும் போய்விட்டது. மீன், இறைச்சியில் உள்ள ஹீம் இரும்பு 15 முதல் 35 சதவீதம் வரை சேரும், தேநீர் அதைப் பெரிதாகத் தொடாது. மா, பருப்பு, கீரையில் உள்ள மற்ற வகை இரும்பு வேறு மாதிரி. அது தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும். மூன்று மின்னேற்ற நிலையிலிருந்து இரண்டு மின்னேற்ற நிலைக்கு மாற வேண்டும். அப்போதுதான் குடற்சுவரிலுள்ள அதற்கான வாயில் திறக்கும். தேயிலையின் பொலிபீனோல்கள், அதாவது நாக்கைச் சுருக்கும் அந்தத் துவர்ப்புப் பொருள்கள், இரும்பைப் பிடித்துக் கரையாத கட்டாக ஆக்கிவிடுகின்றன. கட்டாகிப் போன இரும்பு அப்படியே மலத்தோடு வெளியேறும். சாப்பாட்டோடு ஒரு கோப்பை சாயத் தேநீர் குடித்தால் அந்தச் சாப்பாட்டின் இரும்பு சேர்வது 60 சதவீதத்துக்கு மேலும் குறைந்ததை ஆய்வுகள் அளந்திருக்கின்றன. சாயம் கடுமையானால் தடையும் கடுமை. பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

தேநீரை விடச் சொல்லவில்லை. நாள் முழுக்கக் குளிரில் நிற்கிற ஒருவரிடம் அதைச் சொல்வது நியாயமுமில்லை, தேவையுமில்லை. நேரத்தை மாற்றினால் போதும். எழுந்தவுடன் வெறும் வயிற்றில் குடிக்கும் தேத்தண்ணியோடு சண்டையில்லை, சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னால் அது போய்விட வேண்டும். ரொட்டியோடு வெந்நீர். பத்து மணித் தேத்தண்ணி, காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி கழித்து வருவதால் அதுவும் சரி. பகல் சோற்றுக்குப் பின் ஒன்றரை மணியாவது பொறுக்கட்டும். கோப்பிக்கும் இதே கணக்கு.

இதற்கு எதிர்ப் பக்கத்தில் நிற்பது விற்றமின் சி. அது இரும்பைச் சேரக்கூடிய நிலைக்கு மாற்றுகிறது. பொலிபீனோலும், தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைற்றேற்று என்ற பொருளும் போடும் தடையை ஓரளவு உடைக்கிறது. ஆனால் அதே சாப்பாட்டில் இருக்க வேண்டும், காலையில் இரும்பும் மாலையில் கொய்யாவும் உதவாது. சூடு அதை அழிக்கும். பருப்பை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். சம்பலுக்குப் புளி விடுவதும் தேசிக்காயாகவே இருக்கட்டும். மாசி சேர்த்து இடித்தால் இரட்டை நன்மை: மீனிலுள்ள ஒரு பொருள், பக்கத்திலிருக்கும் பருப்பின் இரும்பையும் கூடச் சேர வைக்கிறது. வல்லாரைச் சம்பல், தக்காளி, கொய்யா, நெல்லி எல்லாம் நல்லவை. கீரையில் இரும்பு நிறைய என்று நம்பி அதையே பிடித்துக்கொள்ள வேண்டாம். இருப்பதில் கொஞ்சமே சேரும். முட்டை புரதத்துக்கு மிக நல்லது, இரும்புக்கு அதை நம்ப முடியாது.

குளிசையும் இதே சட்டத்துக்குத்தான் கட்டுப்படும். தேநீரோடு விழுங்கினால் பாதி வீண். பாலோடும், கல்சியக் குளிசையோடும், வயிற்றெரிவுக்கு மெல்லும் குளிசையோடும் சேர்க்கக் கூடாது. இரண்டு மணியாவது இடைவெளி வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி கழித்து, படுக்கப் போகும் முன் தேசிக்காய்த் தண்ணீரோடு குடிப்பது பலருக்கு ஒத்துவரும். குமட்டினால் சாப்பாட்டோடு குடிக்கலாம், சற்றுக் குறைவாகச் சேரும், விட்டுவிடுவதைவிட அது மேல். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சீக்கிரம் சரியாகட்டும் என்று சொன்ன அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். ஒரு வேளைக் குளிசைக்குப் பின் ஈரல் ஹெப்சிடின் என்ற ஓமோனைச் சுரந்து ஏறத்தாழ ஒரு நாள் அந்த வாயிலைச் சாத்திவைக்கும். கூட்டிப் போட்டது பெரும்பாலும் குடலிலேயே தங்கி வயிற்றைப் புரட்டும், மலத்தை இறுக்கும். குளிசையைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கைநிறைய விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சேர்வது ஒருபக்கம், ஒழுகுவது இன்னொருபக்கம். தோட்டங்களில் கொழுக்கிப் புழு பழைய எதிரி. 1910களிலேயே ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் அதற்கு எதிராக வேலை செய்திருக்கிறது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் சிறுகுடல் சுவரைக் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். வகையைப் பொறுத்து ஒரு புழு ஒரு நாளைக்கு 0.03 முதல் 0.2 மில்லிலீற்றர் வரை குடிக்கிறது. நூறு புழு என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். மலையில் செருப்போ பூட்ஸோ போடுவதும், குடும்பம் முழுவதும் மிட்வைஃப் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை சொல்லும் காலத்தில் புழுக் குளிசை குடிப்பதும் பருப்புக்கும் தேசிக்காய்க்கும் குறைந்த வேலையில்லை. கர்ப்பமாயிருந்தால் முதல் மூன்று மாதத்தில் கேளாமல் குடிக்க வேண்டாம்.

பருப்பைக் கூட்டினால் வாயு கூடும் என்ற முறைப்பாடு வரும். உண்மைதான். பருப்பு வகைகளில் ரபினோசு, ஸ்ராக்கியோசு என்ற சீனிகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதியம் மனிதச் சிறுகுடலில் இல்லை. முழுதாகப் பெருங்குடலுக்குப் போய்ப் பற்றீரியாக்களுக்கு உணவாகிறது, வாயு பிறக்கிறது. கடலை, கௌபியை எட்டு மணி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் அவித்தால் குறையும். இதில் மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் வேகும் நேரத்துக்குக் கடலையை அங்கே இறக்கினால் உள்ளே கட்டியாகவே இருக்கும். அரைவேக்காட்டுப் பருப்பு வாயுவையும் வலியையும் கூட்டும். பிரஷர் குக்கர் இந்த உயரத்தில் ஆடம்பரப் பொருளில்லை, விறகும் மிஞ்சும். அளவைத் திடீரென்று கூட்டாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டினால் குடலிலுள்ள பற்றீரியாக்களும் பழகிக்கொள்ளும். அந்த நொதிப்பில் பிறக்கும் சிறிய கொழுப்பமிலங்கள்தான் பெருங்குடற் சுவரின் கலங்களுக்கே உணவு, வாயுவுக்காக அதை இழக்க வேண்டாம்.

பெருங்குடலின் பெரிய வேலை தண்ணீரை மீட்பது. குடித்ததும் சுரந்ததுமாக ஒரு நாளில் ஏறத்தாழ ஒன்பது லீற்றர் திரவம் குடலுக்குள் வருகிறது. சிறுகுடல் ஏழெட்டை எடுத்துக்கொள்ளும். மிச்ச ஒன்றரை லீற்றரில் 100, 200 மில்லிலீற்றர் தவிர மற்றதைப் பெருங்குடல் எடுக்கும். மலம் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு காய்ந்து இறுகும். குளிரில் தாகம் தெரிவதில்லை. மலையில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைக்கிறார்கள், வருகிற உணர்வையும் அடக்குகிறார்கள். மலச்சிக்கலும் மூலமும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன, இரும்புக் குளிசை அதை இன்னும் இறுக்கும். இது அம்மாவின் தவறில்லை. மலையில் கழிப்பறை கேட்பது வைத்தியத்தைச் சேர்ந்த கோரிக்கைதான். அதுவரை விடிய எழுந்ததும் இரண்டு தம்ளர் வெந்நீர், அரை மணி கழித்து அவசரமில்லாமல் கழிப்பறை என்று பழக்குங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் தானே அசையும், அந்த நேரத்தை உபயோகித்துக்கொள்ளலாம்.

கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழே போனால் இரத்தக் குறைவு என்பது பொதுக் கணக்கு. 1,500 மீற்றருக்கு மேல் வாழ்பவர்களின் இரத்தம் இயல்பாகவே கொஞ்சம் செறிவாக இருக்கும், ஆகவே அந்த எல்லையை அரைக் கிராமாவது கூட்டித்தான் பார்க்க வேண்டும், நுவரெலியாவில் 12.1 என்று வந்தால் அதை நல்ல எண்ணாக எடுக்க முடியாது. குளிசையும் தேநீர் நேரமும் சரியாக நடந்தால் நான்கு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிராம் ஏறும். எண் சரியானதும் நிறுத்திவிட வேண்டாம், காலியான சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் அளவில் தொடர வேண்டியிருக்கும். ஒழுங்காகக் குடித்தும் ஏறவில்லை என்றால் மாதவிடாய் அதிகமா, புழுவா, பைலோரி பற்றீரியாவா, வலி மாத்திரையால் கசிவா, பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு உண்டா என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குளிசை குடிக்காத நாளிலும் மலம் தாரைப்போல் கறுத்து ஒட்டினால், இரத்த வாந்தி வந்தால், விழுங்குவது தடைப்பட்டால், காரணமில்லாமல் எடை இறங்கினால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.